டம்ளரில் ஒரு பெருவிரல்

ஜன்னல் வெயில் விழும் மேசையில் இரண்டு பெருவிரல் ரேகைகள் கிடக்கின்றன. ஒன்று, கொலையானவளின் சமையலறை டம்ளரில் கிடைத்தது. மற்றது, அந்த வீட்டுக்குள் போன போலீஸார் எல்லோரிடமும் இன்று ரேகை எடுத்தபோது இன்ஸ்பெக்டர் வைத்தது. கைரேகை நிபுணர் பூதக்கண்ணாடியை விட்டு நிமிராமலே கேட்கிறாள். "சார், அங்க தண்ணி குடிச்சீங்களா?" "தாகமா இருந்துச்சும்மா..." அவர் விரல் மையைக் கைக்குட்டையில் தேய்க்கிறார், அது இன்னும் பரவுகிறது. டம்ளர் ரேகை இறந்தவளின் தம்பியுடையது இல்லை என்றானதும், 'கூட வந்தவன் யாருடா?' என்று மூன்று நாளாக அவனை வெளுத்து வாங்கியவர் அவர்தான். கதவைத் திறந்து வெளியே வருகிறார். பெஞ்சிலிருந்து தம்பி சுவரைப் பிடித்து எழுகிறான். "அடிக்காதீங்க சார். கூட வந்தது யாருன்னு சொல்லிடறேன்."