ஒரு கட்டை மேலே

கடைக்காரர் புது கீபோர்டில் பியானோ, வயலின், தவில் என்று ஒவ்வொரு சத்தமாகப் போட்டுக் காட்டினார். ஞானதுரை காதில் வாங்கவேயில்லை. சுருதியை ஏற்றி இறக்கும் பட்டனை மட்டும் கண்ணை மூடிக்கொண்டு விரலால் தேடினான். பாடகர் மதிவாணனின் தொண்டைக்காக, வெளியே தெரியாமல் வருடக்கணக்காகச் சுருதியை ஒரு கட்டை இறக்கி வாசித்தவன் அவன். போன கச்சேரியில் தன் குரல் பிசிறு தட்டியதும் மதிவாணன் மைக்கிலேயே, "கீபோர்டுக்காரர் தூங்கிட்டாருங்க" என்றார். கூட்டமே சிரித்தது.

"இதை அமுக்கினா லைட் எரியுமா?"

"எரியாது சார். பக்கத்துல நிக்கிறவருக்குக்கூடத் தெரியாது."

மதிவாணன் கைதட்டல் வாங்கும் பாட்டை ஞானதுரை வாசித்துப் பார்த்தான். ஒரு கட்டை ஏற்றினான். இன்னொரு கட்டையும் ஏற்றினான்.

"சார், இவ்வளவு உச்சத்துல யாரு பாடுவா?"

"ஞாயித்துக்கிழமை ஒருத்தர் பாடுவாரு. இதையே பேக் பண்ணுங்க."