யார் வீட்டு ஃபியூஸ்?

"ஃபியூஸ் பெட்டி சீலை உடைச்சிருக்கான்! மாட்டினான் மாடி வீட்டுக்காரன்!"

மாடிப்படிக்கு அடியில் இருக்கும் போர்டின் முன் நின்று நான் போட்ட கூச்சலில், என் மனைவி ஈரக்கையோடு ஓடி வந்தாள்.

போர்டில் இரண்டு ஃபியூஸ் பெட்டிகள். ஒன்று கீழ் வீட்டில் இருக்கும் எனக்கு. இன்னொன்று மாடியில் இருக்கும் தையல்காரருக்கு. குடியிருப்பவர்கள் கை வைக்கக் கூடாது என்று மின்சார ஆபீஸ்காரர்கள் இரண்டுக்கும் கம்பி கட்டி சீல் வைத்திருந்தார்கள். அதில் இடது பக்கத்துக் கம்பி அறுந்து தொங்கியது.

"விடுங்களேன். நமக்கு எதுக்கு வம்பு?" என்றாள் மனைவி.

"வம்பா? நாலு மோட்டார் மெஷின் ஓட்டறான். திருட்டு கரன்ட் எடுக்கறான். இதைப் பார்த்துட்டு சும்மா இருக்கச் சொல்றியா?"

"அவர் அப்படிப்பட்டவர் இல்லைங்க."

"உனக்கு உலகம் தெரியாது."

எனக்குத் தெரியும் என்பது என் நினைப்பு. புகார் எழுதுவதென்றால் எனக்குச் சோறு தண்ணி வேண்டாம். அரை மணி நேரத்தில் மூன்று பக்கம் எழுதி, 'சமூக விரோதச் செயல்' என்பதை இரண்டு முறை அடிக்கோடிட்டு, நானே நேரில் போய்க் கொடுத்துவிட்டு வந்தேன்.

மறுநாள் காலையிலேயே லைன்மேன் வந்துவிட்டார். தையல்காரர் கழுத்தில் அளவு டேப்போடு இறங்கி வந்தார்.

"சீல் உடைச்சது உறுதியானா சப்ளையைக் கட் பண்ணிடுவோம். விசாரணை முடியற வரைக்கும் கரன்ட் கிடையாது" என்றார் லைன்மேன்.

தையல்காரர் முகம் சுண்டிப்போனது. "சார், ஸ்கூல் யூனிஃபார்ம் எண்பது செட் தைக்கக் கிடக்கு. திங்கட்கிழமை கொடுக்கணும்."

"அதை உடைக்கறதுக்கு முன்னாடி யோசிச்சிருக்கணும்" என்றேன் நான். யாரும் என்னைக் கேட்கவில்லை.

லைன்மேன் டார்ச் அடித்துப் பெட்டியைப் பார்த்தார். மீட்டர் நம்பரைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"சார், இது உங்க வீட்டு ஃபியூஸ்."

"இடது பக்கம் மாடி வீடு!"

"யார் சொன்னது?"

யாரும் சொல்லவில்லை. குடிவந்த நாளிலிருந்து நானாகவே அப்படி முடிவு செய்து வைத்திருந்தேன். என் மூன்று பக்கப் புகார் லைன்மேன் கையில் இருந்தது. பிடுங்கிக்கொண்டு ஓடலாமா என்று தோன்றியது.

"அப்போ உடைச்சது நீங்கதானா?"

"சத்தியமா இல்லை சார்! இதை நான் தொட்டதே கிடையாது!"

"நான்தான் உடைச்சேன்" என்றார் தையல்காரர் மெதுவாக.

எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. "பார்த்தீங்களா! எழுதிக்கோங்க சார்! சொந்த ஃபியூஸ் போதாதுன்னு என் ஃபியூஸ்லயும் கை வெச்சிருக்கான்!"

"எதுக்குங்க உடைச்சீங்க?" என்று கேட்டார் லைன்மேன்.

தையல்காரர் என் மனைவியைப் பார்த்தார். தலையைக் குனிந்துகொண்டார்.

"சொல்ல மாட்டான் சார். திருட்டு முழி பாருங்க!"

"போதும், நிறுத்துங்க!" என்றாள் மனைவி. இத்தனை வருஷத்தில் அவள் என்னிடம் இப்படிக் கத்தியதில்லை. லைன்மேன் பக்கம் திரும்பினாள்.

"போன மாசம் பாத்ரூம் ஹீட்டர்ல ஷாக் அடிச்சு, கையை எடுக்க முடியாம ஒட்டிக்கிட்டேன் சார். என் அலறல் கேட்டு அண்ணன் ஓடி வந்தாரு. மெயின் ஸ்விட்சை அணைக்கலாம்னா, வேற யாரும் தொடக் கூடாதுன்னு இவர் அதைப் பெட்டி போட்டுப் பூட்டி, சாவியை ஆபீஸுக்கு எடுத்துட்டுப் போயிட்டாரு. அதனாலதான் அண்ணன் சீலை அறுத்து ஃபியூஸைப் பிடுங்கினாரு."

லைன்மேன் பேனாவை மூடினார். "உயிர் போற நேரத்துல செஞ்சது வேற. ஆனா உடனே எங்களுக்குச் சொல்லியிருக்கணுமேங்க. ஒரு மாசமா ஏன் சொல்லல?"

"தங்கச்சிதான் வேண்டாம்னாங்க சார்" என்றார் தையல்காரர்.

நான் மனைவி பக்கம் திரும்பினேன். "என்கிட்டகூட ஏன் சொல்லல?"

"அந்த ஹீட்டருக்கு நீங்க இழுத்த வயராலதான் ஷாக் அடிச்சதுன்னு உங்களுக்குத் தெரிஞ்சா, தாங்க மாட்டீங்கன்னுதான்."