முன்னால் போகும் கார்

புதுச்சேரி உப்பளத்தில் மாமா வீட்டுக் கதவு திறந்தது.

"என்னம்மா, எதையாவது மறந்துட்டியா? இப்பத்தானே கிளம்பிப் போனீங்க!"

இஃப்ஃபத், கணவன் கமருஸ்ஸமான், மகள் அஃப்ரா மூவரும் திருச்சியிலிருந்து அப்போதுதான் வந்து இறங்கியிருந்தார்கள். மேஜையில் மூன்று காலி டீ கிளாஸ்கள் இருந்தன. ஒன்றில் இன்னும் சூடு இருந்தது.

பிள்ளைச்சாவடியில் தோழி கொளஞ்சியும் சிரித்தாள். "என்னாடி, போன காரு திரும்பிடுச்சா?"

அவர்கள் போட்டிருந்த திட்டப்படி அடுத்தது வாட்டர் பார்க். அதன்பின் கனகசெட்டிக்குளத்தில் ஷாஹீன் லாத்தா, கூடப்பிறந்த அக்காள். அம்மாவின் அடக்கத்துக்கு இஃப்ஃபத் வராததால் ஆறு வருடமாகப் பேசாதவள். மன்னிப்புக் கேட்கத்தான் இந்தப் பயணமே.

"நம்மள மாதிரியே மூணு பேர் முன்னால போறாங்க, அதுவும் நம்ம பிளான்படியே," என்றாள் இஃப்ஃபத். "பார்க் வேணாம். நேரா லாத்தா வீட்டுக்கு விடுங்க. என்னை மாதிரி இருக்கற அவ முந்திக்கக் கூடாது. நான்தான் மன்னிப்புக் கேக்கணும்."

கமருஸ்ஸமான் வேகமெடுத்தார்.

ஷாஹீன் கதவைத் திறந்து திகைத்து நின்றாள். "இப்பத்தான் வழி தெரிஞ்சுதா?"

இஃப்ஃபத் அவள் கையைப் பிடித்துக்கொண்டு சொல்ல வேண்டியதையெல்லாம் சொன்னாள். அக்காள் அழுதாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு தட்டுகளை எடுத்து வைத்தாள்.

மூன்றரை மணிக்கு வாசலில் ஒரு கார் வந்து நின்றது. அஃப்ரா ஜன்னல் வழியே பார்த்தாள்.

"அம்மா, அவங்க பார்க்குக்குப் போயிட்டு வந்துட்டாங்க. அந்தப் பொண்ணுக்குத் தலையெல்லாம் ஈரம்."

"லாத்தா!" வெளியே இஃப்ஃபத்தின் குரல் அழுதபடி கூப்பிட்டது.

ஷாஹீன் எழுந்தாள். இஃப்ஃபத் அவளுக்கு முன்னால் போய்த் தாழ்ப்பாளைப் போட்டாள்.

"யாருடி அது?"

"நமக்குத் தெரிஞ்சவங்க இல்ல. நீ சோத்தப் போடு லாத்தா."