லாரியைத் தூக்கும் முன்

தம்புசாமியின் இரண்டு தொடைகளும் லாரிக்கு அடியில் இருந்தன. அவன் பேசிக்கொண்டுதான் இருந்தான்.

செம்பனைக் குலைகளோடு அவன் ஓட்டிவந்த லாரி காலையிலேயே வாய்க்காலில் கவிழ்ந்துவிட்டது. பார்த்தவர் யாருமில்லை. ரெம்பியாவை ஒட்டிய அந்தத் தோட்டத்தில் கடைசிக் காட்டுப்பக்கம் ஆள் போவது அபூர்வம். மதியத்துக்கு மேல்தான் தேடிக் கண்டுபிடித்தார்கள்.

விடுமுறைக்கு வீடு வந்திருந்த தேவமலரை ஓடிப்போய் அழைத்து வந்தார்கள். தாதிப் பயிற்சியில் அவளுக்கு இரண்டாம் ஆண்டு. தோட்டத்து ஆட்களுக்கு அவள் இப்போதே மிஸ்ஸி, நர்சம்மா.

வேலையாட்களை மேற்பார்க்கும் மண்டோர் வீரமுத்துவும் ஆட்களும் லாரிக்கு அடியில் கட்டைகளைக் கொடுத்து, தூக்கத் தயாராக நின்றார்கள்.

“தூக்காதீங்க மாமா. ஆம்புலன்ஸ் வரட்டும்,” என்றாள் தேவமலர்.

நெடுநேரம் நசுங்கிய சதையிலிருந்து பொட்டாசியம் கசிந்து காலிலேயே தேங்கி நிற்கும். பாரம் விலகியதும் ரத்தத்தோடு ஏறி நெஞ்சுக்குப் போகும். இதயம் நின்றுவிடலாம்.

அதற்கு முன்பே நரம்பில் உப்புநீர் ஏற்ற வேண்டும். ஊசி மருந்து தயாராக இருக்க வேண்டும். அவள் கையில் ஒரு துண்டு மட்டும்தான் இருந்தது.

யாரோ இளநீர் வெட்டிக் கொண்டுவந்தார். அதிலும் பொட்டாசியம். தேவமலர் அதைத் தடுத்து, வெறும் தண்ணீர் கொடுத்தாள். தம்புசாமியின் மனைவி ஜானகி அவளை ஒரு பார்வை பார்த்தாள்.

மழை விடவில்லை. வழியில் பாலம் மூழ்கியிருந்தது. அலோர் காஜா ஆஸ்பத்திரியிலிருந்து கிளம்பிய ஆம்புலன்ஸ் எங்கோ சுற்றி வந்துகொண்டிருந்தது.

சேற்றில் லாரி மெல்ல வழுக்கியது.

தம்புசாமி முதல் தடவையாக அலறினான். “வயித்துல ஏறுது மிஸ்ஸி. தூக்கச் சொல்லுங்க.”

எல்லாரும் அவள் முகத்தைப் பார்த்தார்கள்.

பாடத்தில் இந்த இடம் இல்லை. அப்படியே விட்டால் இப்போதே நசுங்கிவிடுவான். தேவமலர் தலையசைத்தாள்.

ஒரே மூச்சில் தூக்கினார்கள். இரண்டு பேர் அவனை அக்குளில் பிடித்து வெளியே இழுத்தார்கள். புல்லில் படுக்க வைத்ததும் தம்புசாமி வானத்தைப் பார்த்துச் சிரித்தான்.

“ஒன்னும் ஆகலையே லா. சும்மா பயமுறுத்திட்டியேம்மா,” என்றார் வீரமுத்து.

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அழுதுகொண்டிருந்த ஜானகியும் சிரித்தாள். தான் படித்தது பொய்யாகிவிட்டது என்று நம்ப தேவமலருக்கும் ஆசையாக இருந்தது. ஆனால் தம்புசாமியின் மணிக்கட்டில் வைத்த விரலை அவள் எடுக்கவில்லை.

நாடி ஒரு முறை தயங்கியது. பிறகு அடித்தது. மறுபடியும் தயங்கியது.

தம்புசாமி கண்ணசைத்து அவளைக் கிட்டே கூப்பிட்டான்.

“நெஞ்சு என்னமோ மாதிரி இருக்கு மிஸ்ஸி,” என்றான், மனைவிக்குக் கேட்காத குரலில்.

ஜானகி ஃபிளாஸ்கைத் திறந்து அவனுக்குத் தேநீர் ஆற்றிக்கொண்டிருந்தாள்.