மாதிரித் தண்ணீர்

மனைவி இறந்த பிறகு எனக்கு நிறைய நேரம் இருப்பதாக முடிவு செய்து, செவிலிமேட்டில் எங்கள் குடியிருப்புக்காரர்கள் என்னைக் குடிநீர்க் குழுச் செயலாளராக்கினார்கள். நாற்பது வீட்டுக்கும் ஒரே போர்வெல், ஒரே தொட்டி. வேதியியல் பட்டம் கூடுதல் தகுதி. அதை மூன்றாவது முறை எழுதித்தான் வாங்கினேன் என்பதை யாரும் விசாரிக்கவில்லை.

இன்று சுகாதார ஆய்வாளர் பரிசோதனை முடிவோடு வந்தார்.

"போன வாரம் நீங்க பாட்டில்ல குடுத்தனுப்பின தண்ணியில கிருமி இருக்குது சார். மோட்டாரைப் பூட்டணும்."

தறியிலிருந்து எழுந்து வந்திருந்த எதிர்வீட்டு துர்காதேவி அக்கா என்னைப் பார்த்தார்.

"படிச்சவன்னுதானேப்பா உங்கிட்ட குடுத்தோம். தொட்டியில குளோரின் போட்டுக்கினு இருந்தியா இல்லியா?"

"ரெண்டு மாசமா மறந்துட்டேன்க்கா."

"நல்லா மறந்த போ. எங்க ஊட்ல கைக்குழந்தை இருக்குது. அதுக்கு இனிமே எந்தத் தண்ணியக் குடுக்கிறது?"

"சரியாகிற வரைக்கும் கேன் தண்ணி வாங்கிக் குடுங்கம்மா," என்றார் ஆய்வாளர்.

அக்கா உடனே கேன்காரருக்குப் போன் போட்டார். அதற்கு மேல் என்னால் சும்மா இருக்க முடியவில்லை.

"கேன் மட்டும் வாங்காதீங்கக்கா. குளோரின் போடாத தண்ணி தேறாதுன்னு பயந்து, அந்தப் பாட்டில்ல நான் ஊத்தி அனுப்பினதே எங்க வீட்டுக் கேன் தண்ணிதான்."