கைப்பிடியில் ஒரு கூடை

கிணிங்.

இருட்டி ஒரு மணி நேரம்கூட ஆகியிருக்காது. கண்ணாடி வளையலையும் சில்லறையையும் சேர்த்துக் குலுக்கினாற்போல, வாசற்கதவில் சத்தம்.

அந்தக் கதவில் தாழ்ப்பாள் இல்லை. அன்று காலைதான் என் கையோடு பெயர்ந்து வந்தது. பூட்டு உண்டு, அது வெளியே போகும்போது போடுகிற பூட்டு. கணவர் வேலையாக வெளியூரில். திரும்ப இரண்டு வாரம். இடுப்பில் எட்டு மாதக் குழந்தை.

கதவிலிருந்த லென்ஸ் வழியே பார்த்தேன். எதிர்வீட்டுப் பெரியவர் எங்கள் கைப்பிடியில் ஒரு கூடையை மாட்டிக்கொண்டிருந்தார்.

கப்பலில் சமையல்காரராக இருந்து ஓய்வு பெற்றவர். பழைய சீனத் தையல் கூடைகள் சேர்ப்பவர். பின்னிய மூங்கில், மூடியில் கண்ணாடி வளையங்கள், பட்டுக் குஞ்சம், நடுவில் சதுர ஓட்டை போட்ட செப்புக் காசுகள். நாற்பத்து மூன்று வைத்திருக்கிறாராம். ஒன்றிலும் ஊசி நூல் கிடையாது. குடியிருப்பில் எல்லாருக்கும் அவர் 'கூடைக்காரர்'.

கதவைத் திறந்தேன்.

"என்ன சார் இது?"

"கூடைம்மா."

"அது தெரியுது. எங்க கதவுல எதுக்கு?"

"மூங்கிலுக்குக் காத்து வேணும். காலையில எடுத்துக்கறேன்." அவர் பார்வை குழந்தையின் கைமேல் போயிற்று. "தொட விடாதே. நூறு வருஷத்துக் கண்ணாடி."

மறுநாளும் கிணிங். அதற்கு மறுநாளும்.

கணவரிடம் போனில் அழுதேன்.

"கூடைதானே? பாம்பு இல்லையே?" என்றார். "தாழ்ப்பாள் இல்லைங்கறத மட்டும் யார்கிட்டயும் சொல்லித் தொலைக்காதே."

தச்சரைத் தவிர யாரிடமும் சொல்லவில்லை. அவரிடமும் போனில்தான், மாடிப்படிச் சுவரில் எழுதியிருந்த நம்பரைப் பார்த்து. வீட்டுக்குள் சிக்னல் கிடைக்காததால் மாடிப்படியில் நின்று கத்தினேன். "நாளைக்கு வந்துடறேம்மா" என்று தினமும் சொன்னார்.

நான்காம் ராத்திரி லென்ஸில் வேறொன்று தெரிந்தது. எதிர்வீட்டுக் கதவு ஒரு சாண் திறந்திருந்தது. உள்ளே நாற்காலி. நாற்காலியில் அவர். எங்கள் கதவையே பார்த்துக்கொண்டு.

காஸ் சிலிண்டரை உருட்டி வந்து கதவுக்கு முட்டுக் கொடுத்தேன். விடிந்ததும் குடியிருப்புச் சங்கத்துச் செயலாளர் அக்காவிடம் ஓடினேன்.

"அந்த ஆளா? மூணு பூட்டு போடற மனுஷனாச்சே!" என்றார் அக்கா. "என் பொண்ணு ஒரு குஞ்சத்தத் தொட்டுட்டான்னு ரெண்டு மாசம் எங்கிட்ட பேசல. அவரு கதவத் திறந்து போட்டுட்டு உக்காந்திருக்கார்னா விஷயம் வேற."

படிக்கட்டு முழுக்கக் கூட்டம் கூடிவிட்டது. அக்கா நடுவில் நின்று கேட்டார்.

"ஒரு பொண்ணு தனியா இருக்கற வீட்டு வாசல்ல உங்களுக்கு என்ன சார் வேலை?"

அவர் எல்லார் முகத்தையும் ஒருமுறை பார்த்தார்.

"மூங்கில்," என்றார். "காத்து."

"வயசுக்கேத்த புத்தி வேணாமா?"

அவர் தலையைக் குனிந்து, கையிலிருந்த கூடையில் சிக்கியிருந்த குஞ்சத்தைப் பிரித்துக்கொண்டிருந்தார். யாரோ சிரித்தார்கள். நானும்தான்.

ஒழிந்தது சனி என்று அன்று ராத்திரி நிம்மதியாகப் படுத்தேன்.

கிணிங்.

பதினோராம் நாள் இருட்டிய பிறகு தச்சர் வந்து சேர்ந்தார். உளியைக் கீழே வைக்கும் முன்பே ஆரம்பித்தார்.

"யாரும்மா அந்தப் பெரியவரு? தினம் காலையில ஆறு மணிக்கு போன். உயிர வாங்கிட்டாரு."

"எந்தப் பெரியவர்?"

"எதிர்வீடாம். 'கைக்குழந்தையோட தனியா இருக்கா, தாழ்ப்பாள் இல்ல, வெளியில தெரிஞ்சா ஆபத்து. நீயும் மூச்சு விடாதே'ன்னு எனக்கே உத்தரவு."

பேசிக்கொண்டே கதவை அசைத்தார். கிணிங்.

"அட, இது நல்லாருக்கே! எவன் கை வெச்சாலும் எதிர்வீட்டுக்குக் கேக்கும்."

திரும்பிப் பார்த்தேன். எதிர்வீட்டுக் கதவு ஒரு சாண் திறந்திருந்தது.

வேலை முடிந்து அவர் போனதும் கூடையை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு எதிர்வீட்டுக்குப் போனேன். கண்ணாடி அலமாரியின் மேல்தட்டில், நட்டநடுவில், ஒரே ஒரு இடம் காலியாக இருந்தது.

பெரியவர் வளையங்களை எண்ணினார். காசுகளை எண்ணினார். சின்ன பிரஷ்ஷால் குஞ்சத்தை நீவினார்.

"ஒரு வளையத்துல கீறல்," என்றார்.

"சார், நான் அன்னைக்கு எல்லார் முன்னாடியும்..."

"தாழ்ப்பாள் சரியா விழுதா?"

"விழுது சார்."

"போய்ப் போடு. சத்தம் கேக்கணும்."

வந்து போட்டேன். கேட்கும்படியாகவே போட்டேன்.

லென்ஸில் பார்த்தேன். நாற்காலி உள்ளே போயிற்று. பதினோரு ராத்திரிக்குப் பிறகு அந்தக் கதவு சாத்தப்பட்டது. ஒரு பூட்டு, இரண்டு, மூன்று. கடைசியில், உள்ளேயிருந்து தாழ்ப்பாள்.