ஐந்தாவது சுண்ணாம்புக் குறி

“நாலுதேன் போட்டேன் மேடம், சத்தியமா…”

“படத்துல அஞ்சு இருக்குண்ணே, எண்ணிப் பாருங்க!”

“எத்தன தடவ கேட்டாலும் நாலுதேன்!”

கடலாடிக்குத் தெற்கே கருவேலங்காட்டுக்குள் சாலை போட வனத்துறை திட்டமிட்டிருந்தது. மேலிருந்து எடுக்கும் படத்தைத் தரையோடு பொருத்திப் பார்க்க, காவலர் இருளாண்டி காட்டோரம் சுண்ணாம்பில் பெரிய கூட்டல் குறிகள் போடுவார். அமுதவள்ளி ட்ரோனைப் பறக்கவிட்டு, வந்த படத்தின்மேல் சாலைக்குக் கோடு இழுப்பாள்.

ஐந்தாவது குறி நடுக்காட்டில் இருந்தது. அங்கே போக ஒற்றையடிப் பாதைகூடக் கிடையாது.

“இன்னிக்குப் பிளான் அனுப்பணும். இத அழிச்சிட்டு அனுப்பிடுறேன்” என்று அமுதவள்ளி படத்தைப் பெரிதாக்கினாள். முந்தின நாள் பெய்த மழையில் நாலு குறிகளும் கரைந்து மங்கியிருந்தன. ஐந்தாவது பளிச்சென்று இருந்தது. அதன் நடுவில் வட்டமாக ஒரு பொட்டு.

இருளாண்டி குனிந்து அந்தப் பொட்டை உற்றுப் பார்த்தார்.

மூன்று வருடத்துக்கு முன்புவரை, அவர் மனைவி பூமயில்தான் சுண்ணாம்பு வாளியோடு கூட வருவாள். அவர் குறி போட்டு நிமிர்ந்ததும், “மொட்டையா விட்டா நல்லாவா இருக்கு?” என்று நடுவில் ஒரு பொட்டு வைப்பாள். ஒருநாள் விறகுக்கு அந்தக் காட்டுக்குள் போனவள், போனவள்தான். பதினேழு நாள் தேடியும் செருப்புகூடக் கிடைக்கவில்லை.

அமுதவள்ளி அழிக்கப் போனாள். இருளாண்டி உள்ளங்கையால் திரையை மறைத்தார்.

“ரோட்டக் கொஞ்சம் வளச்சு, அங்கன வரைக்கும் கொண்டுபோனா என்ன தாயி?”